ஜப்பான் வரைந்த ராமன்: யாருடைய கதை, யாருடைய கோடு?

1

கார்ட்டூன் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம் சிறுபத்திரிகைச் சூழலை விட்டு இன்னும் போனபாடில்லை. பெர்க்மன், தார்க்கோவ்ஸ்கி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். வீட்டில் பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க மாட்டோம். கதைகள் மூலம் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கட்டுரை எழுதுகிற நாமே, கதை முதன்முதலாக உள்ளே போகிற வாசலைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.

2025 ஜனவரி 24 அன்று 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. ஆங்கிலம், ஹிந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் வந்தது. அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். சின்ன வயசில் ஆவடியில் கேபிள் டிவியில் இதே படத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போது ஹிந்தியில் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அனுமன் லங்கையை எரித்தது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. இப்போது தமிழில் எல்லாம் புரிந்தது. புரிந்ததில்தான் சிக்கல்.

ராமாயணத்தைக் கேள்வி கேட்டே அரசியல் கற்றுக்கொண்ட மண் இது. 1956 ஆகஸ்டில் ராமன் படத்தை எரிக்கிற போராட்டத்தைப் பெரியார் நடத்தினார். 1946-ல் வந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948-ல் தடை செய்யப்பட்டு, 1971-ல்தான் தடை நீங்கியது. அந்த மரபில் வந்தவன் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது? அழகாக இருக்கிறது என்று சொன்னால் எதிரி முகாமுக்குப் போனதாகிவிடுமா? அயோத்திக் கோயில் திறந்து ஒரு வருஷம் ஆன அதே வாரத்தில் படம் வந்ததால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

2

முதலில் படம் எப்படி உருவானது என்று பார்க்கலாம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983-ல் ஓர் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்தார். தொல்லியலாளர் பி.பி. லால் சிருங்கவேரபுரத்தில் நடத்திய அகழாய்வைப் படமெடுப்பதுதான் நோக்கம். ஜப்பான்காரர் ராமாயணத்தைப் படமாக்குகிறார் என்று செய்தி தவறாகப் பரவி, விசுவ ஹிந்து பரிஷத் டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. ராமாயணம் இந்தியாவின் தேசியப் பாரம்பரியம், அந்நியர் இஷ்டத்துக்குப் படமெடுக்க முடியாது என்பது வாதம். அதன் பிறகுதான் சாகோவுக்கு நிஜமாகவே ராமாயணத்தை அனிமேஷனாக எடுக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பாகச் செய்யலாம் என்று கேட்டார். இந்திய அரசு கடைசியில் ஒதுங்கிக்கொண்டது. கார்ட்டூனாகக் காட்டுவதற்கு இது ரொம்பவும் உணர்வுபூர்வமான விஷயம் என்பது காரணம்.

ஆக, படம் ஜப்பானில் தயாரானது. சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன் மூவரும் இயக்குநர்கள். ராம் மோகன் நம்மாள். 1956-ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸிடம் தொழில் படித்தவர். இசை வன்ராஜ் பாட்டியா. ஏறத்தாழ 450 கலைஞர்கள் வேலை செய்தார்கள்.

இந்த வருஷங்களைக் கொஞ்சம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்குகிறது. 1990-ல் இந்தப் படத்தின் வேலை ஜப்பானில் தொடங்குகிறது. அதே 1990 செப்டம்பரில் அத்வானியின் ரதம் கிளம்புகிறது. 1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்படுகிறது. 1993 ஜனவரியில், இடித்து ஒரு மாதம் ஆகிற நேரத்தில், டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்படுகிறது. ஒரே நாயகனை வைத்து ஒரே காலத்தில் இரண்டு விதமான வரைதல் நடந்திருக்கிறது. தெருவில் ஒட்டின போஸ்டர்களில் வில் வளைத்து, தசை முறுக்கேறி, கோபத்தோடு நிற்கும் ராமன். சாந்த சொரூபி எப்படிப் படைத்தலைவனாக மாற்றப்பட்டான் என்று அனுராதா கபூர் அப்போதே எழுதினார். தோக்கியோவின் மேஜையிலோ பெரிய கண்ணும் இளைத்த உடம்பும் கொண்ட ஒரு பையன்.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மென்மையான ராமன் என்பதாலேயே அரசியலற்ற ராமன் ஆகிவிட மாட்டான். எந்த ராமனை நல்லவன் என்று குழந்தை முதலில் நம்புகிறதோ, அந்த நம்பிக்கையின் மேல்தான் பிற்பாடு போஸ்டர் ஒட்டப்படுகிறது. அதற்காக இரண்டையும் ஒன்றென்று சொன்னால், நமக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

3

கோட்டுக்கு வருவோம். அந்தக் கால அனிமேஷன் என்பது செல் என்கிற கண்ணாடி மாதிரியான தாளில் கையால் வரைந்து, பின்பக்கம் வர்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பது. திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். 135 நிமிஷப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,94,400 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால்கூட ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் படத்துக்கு ஒரு லட்சம் செல்கள் என்று சொல்லப்படுவது இதோடு பொருந்தித்தான் போகிறது. அதாவது, கும்பகர்ணன் ஒருமுறை கை தூக்குவதற்குள் யாரோ ஒருத்தருக்கு ஒரு பகல் போயிருக்கும்.

இந்த உழைப்பின் வரலாறு நம் தோழர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று. இன்று உலகம் கொண்டாடுகிற ஹயாவோ மியாசாகி 1960-களில் தோயே அனிமேஷன் கம்பெனியில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவர். இசாவோ தகாஹாதாவும் அதே சங்கத்தில்தான். 1968-ல் இவர்கள் சேர்ந்து செய்த 'ஹோரஸ்' அந்தச் சங்கத் தோழமையில் விளைந்த படம். 1980-களில் வேல்ஸுக்குப் போன மியாசாகி, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதன் தோல்வியும் தன்னைப் பாதித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1986-ல் வந்த 'லபூட்டா: வானத்துக் கோட்டை' படத்தின் சுரங்க ஊரில் அதன் சாயலைப் பார்க்கலாம்.

அந்த 'லபூட்டா'வில் நமக்கு வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. மூஸ்கா என்ற அதிகாரி, வானத்துக் கோட்டையின் பேரழிவு ஆயுதத்தைக் கடலில் வெடிக்கச் செய்து காட்டிவிட்டு, ராமாயணத்தில் இந்திரனின் அம்பு என்று சொல்லப்படுவது இதைத்தான் என்று பெருமை பேசுகிறான். ராமாயணம் அங்கே வில்லன் வாயில் வருகிறது. பழைய காவியத்தின் பெயரைச் சொல்லித் தன் குண்டுக்குப் புனிதம் தேடுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை ஒரே வசனத்தில் காட்டிவிடுகிறார் மியாசாகி. ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய ஜப்பான் பேசுகிறது எனலாம். டாங்கி செய்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது. ஆவடித் தொழிற்சாலையின் சங்கு சத்தத்தை வைத்து எங்கள் தெருவில் சோறு வடிப்பார்கள். ஆயுதம் எங்களுக்குப் புராணத்தில் இல்லை, ரேஷன் கார்டில் இருந்தது.

4

இப்போது 'ராமாயணா'வின் உள்ளே போகலாம். படம் தொடக்கத்திலேயே விசுவாமித்திரரோடு ராம லட்சுமணர்களைக் காட்டுக்கு அனுப்பி, தாடகையைக் கொன்று விடுகிறது. நாயகனின் முதல் வீரச்செயல் ஒரு காட்டுப் பெண்ணின் சாவு. அவள் ஏன் அங்கே இருக்கிறாள், யார் இடம் அது என்ற கேள்விக்கே வேலை இல்லை. அவளை வரைந்த விதமே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அனிமேஷனின் பலமும் ஆபத்தும் இதுதான். நடிகை நடித்தால் அவள் கண்ணில் எங்காவது மனுஷி தெரிந்துவிடுவாள். கோட்டில் வரைபவர் விரும்பாத எதுவும் தெரியாது.

இந்தப் படம் ஜப்பானில் தியேட்டருக்கு வந்தது 1997 நவம்பரில். அதே வருஷம் ஜூலையில் மியாசாகியின் 'இளவரசி மோனோனோகே' வந்தது. அதிலும் காடு, அதிலும் காட்டுப் பெண், அதிலும் காட்டை அழிக்க வருகிற ஆயுதம். ஆனால் ஓநாய்கள் வளர்த்த அந்தப் பெண் சானுக்கு முகம் உண்டு, கோபத்துக்குக் காரணம் உண்டு. காட்டை அழித்து இரும்பு உருக்குகிற எபோஷிகூட அரக்கி இல்லை. தொழுநோயாளிகளுக்கும் விடுதியிலிருந்து மீட்ட பெண்களுக்கும் வேலையும் மரியாதையும் கொடுத்தவள் அவள். யார் பக்கம் நிற்பது என்று பார்க்கிறவனைத் திணற அடிக்கிற படம். தாடகையை சான் மாதிரி வரைந்திருந்தால் ராமனின் முதல் அம்பு என்ன ஆகியிருக்கும்? ஒரே தேசம், ஒரே கலை, ஒரே வருஷம் இந்தக் கேள்வியை நம் கையில் கொடுத்திருக்கிறது.

ஆனால் இதற்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டியதில்லை என்று தியேட்டரில் பையன்தான் காட்டிக்கொடுத்தான். கும்பகர்ணன் விழுகிற இடத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாவம் மாமா, தூங்கிட்டிருந்தவரைத்தானே எழுப்பி இட்டாந்தாங்க" என்றான். படம் கும்பகர்ணனைப் பெரும்பாலும் ஒரு மாபெரும் உடம்பாகத்தான் பார்க்கிறது. அதையும் மீறி அவனுக்குத் தோன்றியது கம்பனின் கும்பகர்ணன். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வளர்த்தவனை விட்டுப் போக மாட்டேன் என்று சாகப் போகிறவன். கம்பனைப் பக்திக்காரர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டதில் நாம் இழந்தது இதைப் போன்ற இடங்களைத்தான்.

இன்னொன்று. உத்தர காண்டத்தைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே சம்பூகன் இல்லை, தவம் செய்த சூத்திரனின் தலை விழவில்லை, கர்ப்பிணி சீதை காட்டுக்குப் போகவில்லை. கம்பனும் முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டவன்தான். இந்த மௌனத்தைக் கருணை என்றும் வாசிக்கலாம், மறைப்பு என்றும் வாசிக்கலாம். குழந்தைக்குப் படம் காட்டுகிறவர் மீதிக் கதையைச் சொல்கிறாரா என்பதைப் பொறுத்தது அது.

5

இந்தப் படத்தின் பின்வரலாறும் ஒரு பாடம். அந்நியன் தொடக்கூடாது என்று 1983-ல் கடிதம் போன அதே கதை, 2025-ல் நமது பாரம்பரியத்தின் பெருமையாக விளம்பரமாகிறது. சாகோ 2012-லும் ராம் மோகன் 2019-லும் இறந்துவிட்டார்கள். இடையில் 2011-ல், ராமாயணங்கள் பல என்று விளக்கிய ஏ.கே. ராமானுஜனின் கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது. ஒரு ஜப்பானியர் சொன்ன ராமாயணத்துக்குக் கதவு திறந்து, பல ராமாயணங்கள் உண்டு என்று சொன்ன தமிழறிந்தவரின் கட்டுரைக்குக் கதவு மூடியிருக்கிறது. அப்படியானால் சிக்கல் அந்நியர் பற்றியது அல்ல. ஒற்றை ராமாயணத்துக்கு உதவுமா, உதவாதா என்பதே அளவுகோல்.

கோடு போட்டவர்களின் கதையும் தொடர்கிறது. லேத் ஓடின ஷெட்டுகள் பல இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டிடங்களாகிவிட்டன. எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். வெளிநாட்டுப் படங்களில் நடிகரின் உடம்பை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கோடு கட்டிப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ராத்திரி ஷிஃப்ட், தினம் இத்தனை ஃப்ரேம் என்று டார்கெட். "எந்தப் படம்னே எங்களுக்குச் சொல்ல மாட்டாங்கண்ணே" என்றான். சங்கம் என்ற வார்த்தையை அவன் கேட்டது அவங்க அப்பாவிடம்தான், சைக்கிள் கம்பெனி நாட்களில். 2025 மார்ச்சில் மியாசாகி பாணி படங்களை ஒரு நொடியில் இயந்திரம் வரைந்து தள்ளியபோது, நம் தோழர்கள் சிலரும் தங்கள் முகத்தை மாற்றிப் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். சங்கம் கட்டிய கைகளின் கோடு அது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: காட்டுங்கள், கூடவே உட்காருங்கள். கும்பகர்ணன் விழும்போது கம்பன் கதையைச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் சம்பூகனைச் சொல்லுங்கள். எழுத்துகள் ஓடும்போது எழுந்துவிடாமல் வரைந்தவர்களின் பெயர்களைக் கொஞ்சம் படியுங்கள். திரும்பி வரும்போது ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பையன் கேட்டான்: "தாடகைக்குப் பசங்க இருந்தாங்களா மாமா?" இருந்தார்கள், மாரீசன், சுபாகு. அந்த இரண்டு பேரின் கதையை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.