பதினாலு ஃப்ரேம்

ரோட் ரன்னர் கார்ட்டூன்ல அந்தக் கொயோட்டி மலை விளிம்பிலிருந்து விழுகிற காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்போம்? விழப்போகுதுன்னு நல்லாத் தெரியும். இருந்தும் சிரிப்பு வருது. ஏன் என்பது எனக்கு ரொம்ப நாள் குடைச்சல்.

இந்த வரிசையின் முதல் படம் 1949-ல் வந்தது. இயக்குநர் சக் ஜோன்ஸ். விழுகிற காட்சிக்கு அவர் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். கொயோட்டி சிறுத்துக்கொண்டே போய் மறைய 18 ஃப்ரேம். அதன்பிறகு 14 ஃப்ரேம் கழித்து, கீழே தரையில் மோதல். 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வராதாம்!

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். அப்படியானால் மொத்தம் 32 ஃப்ரேம், அதாவது 1.33 நொடி. நிஜத்தில் அந்த நேரத்தில் ஒரு பொருள் விழக்கூடிய தூரம் சுமார் 9 மீட்டர்தான், மூணு மாடி உயரம். 100 மீட்டர் பள்ளம் என்றால் நாலரை நொடி ஆகும். ஆக இது இயற்பியல் கணக்கே இல்லை, நம் மனசின் கணக்கு. கொயோட்டி மறைந்ததும் நாமே மீதியை கற்பனை செய்து, மோதலுக்காகக் காத்திருக்கிறோம். அதற்கான இடம்தான் அந்த 14.

சோதித்துப் பார்க்கலாமேன்னு, ஒரு கறுப்புப் புள்ளி 18 ஃப்ரேமில் சிறுத்து மறைகிற மாதிரி வரைந்தேன். பிறகு வெற்று இடைவெளி, கடைசியில் குட்டியாப் புழுதி. இடைவெளியை மட்டும் 2, 14, 40 என்று மாற்றி அக்கா பையனிடம் காட்டினேன். 2-க்கு ஒண்ணுமே சொல்லலை. 14-க்குச் சிரிச்சான். 40-க்கு, "மாமா, வீடியோ நின்னுடுச்சா?" ஒரு பையனை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது, தெரியும். 13-க்கும் 14-க்கும் எனக்கே வித்தியாசம் தெரியலை என்பதையும் ஒத்துக்கிறேன்.

ஆனால் ஒண்ணு புரிந்தது. மேடையில் நிற்கிற நகைச்சுவைக்காரர் கூட்டத்தின் முகம் பார்த்து நிறுத்தலாம், நீட்டலாம். கார்ட்டூன்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு ஃப்ரேமும் காசு. வரைந்துவிட்டு வெட்டி எறிய முடியாது. அதனால் படம் வரையத் தொடங்கும் முன்னாடியே இயக்குநர் நேரத்தைத் தாளில் குறித்துக் கொடுத்துவிடுவார். எதிரே ஒருத்தரும் இல்லாமல், எப்போதோ ஒரு தியேட்டரில் சிரிக்கப்போகிறவர்களுக்காக எண்ணி எழுதிய எண் அது.

அடுத்த முறை பார்க்கும்போது, கொயோட்டி மறைந்ததும் மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க. நான் ஒரு தடவைகூட எண்ணி முடிக்கலை, அதுக்குள்ள சிரிச்சுடறேன்.