பிரிந்து போன பர்மா

சமூக அறிவியல் வகுப்பில் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அது வெள்ளைக்காரர் வீட்டு விவகாரம், நமக்கென்ன?" என்றாள் தோழி ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாலையில் வீட்டில் இதைச் சொன்னபோது, "பர்மா பிரிஞ்சு போன மாதிரியா?" என்று கேட்டார்கள் என் பாட்டி. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பர்மா ஒரு காலத்தில் இந்தியாவின் மாகாணமாக இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். மூன்று போர்களில் அந்நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர், 1886-ஆம் ஆண்டு அதனை இந்தியாவோடு இணைத்தனர். சங்கரன்கோவில் தறியில் நெய்த சேலை மதுரைக்குப் போகச் சுங்கம் உண்டா? இல்லை அல்லவா! அதுபோலவே சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே சுங்கமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. கப்பல் கட்டணம் இருந்தால் போதும். கூலி வேலைக்குச் சென்றோர், கணக்கெழுதச் சென்றோர், கடை வைத்தோர் எனத் தமிழர் ஆயிரக்கணக்கில் அக்கரை சேர்ந்தனர். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் மண்ணெண்ணெயும் இங்கு வந்தன. அது ஏற்றுமதி செய்த அரிசியில் ஏறத்தாழப் பாதியை வாங்கியது இந்தியாதான்.

பின் ஏன் பிரிவினைப் பேச்சு எழுந்தது? பர்மியர் சொன்ன காரணங்களை நாம் பொறுமையோடு கேட்க வேண்டும். தங்கள் வரிப்பணம் டெல்லிக்குப் போகிறது என்றனர். இந்தியத் தொழில்களைக் காக்க விதித்த இறக்குமதி வரியால் தங்கள் ஊரில் விலை ஏறுகிறது என்றனர். வந்து குவியும் இந்தியத் தொழிலாளரால் தங்களுக்கு வேலையில்லை என்றனர். எல்லாவற்றிலும் பெரிய மனக்குறை நிலத்தைப் பற்றியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் நிலத்தை ஈடாகப் பெற்று உழவர்களுக்குக் கடன் கொடுத்திருந்தனர். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் வந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட வழியில்லை. நகரத்தாருக்கு வேண்டியது பணமே, நிலம் அன்று. ஆயினும் நிலம்தான் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம், 1937-இல் 25 சதவீதம் ஆயிற்று. நான்கில் ஒரு பங்கு! நம் வயலுக்கு அப்படி நேர்ந்தால் நாம் சும்மா இருப்போமா?

1930-இல் சைமன் குழு பிரிவினையைப் பரிந்துரைத்தது. உடனே நாடு இரண்டு கட்சியாயிற்று. பிரிந்தால் இந்தியாவுக்குக் கிடைக்கப்போகும் உரிமைகள் நமக்குக் கிடைக்காது, ஆங்கிலேயர் பிடி இறுகும் என்று அஞ்சியோர் பிரிவினையை எதிர்த்தனர். 1932 நவம்பர் தேர்தலில் வென்றவர்களும் அவர்களே. ஆனால் இந்தியக் கூட்டாட்சியில் நிபந்தனையின்றிச் சேரவும் அவர்களுக்கு மனமில்லை. சேரலாம், வேண்டாவிடில் விலகலாம் என்ற உரிமை கேட்டனர். அதற்கு லண்டன் இணங்கவில்லை. முடிவில் 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா பிரிக்கப்பட்டது. பிரிவினையை எதிர்த்த தலைவர்களில் ஒருவரான டாக்டர் பா மாவே முதல் பிரதமரானார் என்பது வேடிக்கை.

இங்கிலாந்தில் 2016 ஜூன் 23 அன்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். விலகுவதற்கு 51.9 சதவீதம், இருப்பதற்கு 48.1. அங்கும் வந்தேறிகள், வரிப்பணம், சொந்தச் சட்டம் என்பவையே பேச்சு. 2020 ஜனவரி 31 அன்று விலகினாலும், அவ்வாண்டு முடியும் வரை பழைய விதிகளே நடப்பிலிருந்தன. பின்னரே துறைமுகங்களில் சுங்கப் படிவமும் உணவுப் பொருள்களுக்குச் சான்றிதழும் வந்தன. விலகியதால் நாட்டின் உற்பத்தித் திறன் நாளடைவில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு வரவு செலவுக் கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

பர்மாவிலும் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டவில்லை. வணிகமும் போக்குவரத்தும் மூன்று ஆண்டுகளுக்கேனும் பழையபடி நடக்க ஆணை இருந்தது. 1941-இல் புதிய வர்த்தக ஒப்பந்தமும், குடியேறுவோரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் கையெழுத்தாயின. பின்னதைக் காந்தியடிகளே கண்டித்தார். அதற்குள் போர் வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழ, இலட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடந்தனர். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுள் நிலம் வாங்கியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? பெரும்பாலோர் மூட்டை தூக்கியவர்களே. கணக்கு யாருடையதோ, கட்டியது இவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962-இல் ஆட்சியைப் பிடித்த தளபதி நீ வின், 1964-இல் கடைகளையும் எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு கப்பலேறித் தமிழகம் திரும்பியோர் ஒரு இலட்சத்திற்கும் அதிகம். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களிலுள்ள பர்மா காலனிகளும் அவர்கள் நினைவாக நிற்கின்றன.

சிலருக்கு இங்கே கால் தரிக்கவில்லை. பிறந்த மண் பர்மா அல்லவா! தரைவழியே திரும்பிப் போக மணிப்பூர் வரை சென்றனர். எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அவ்வூரில் இன்றும் தமிழ்க் குடும்பங்களும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. எல்லைக் கோட்டிற்கு அப்பால் தெரிவது பர்மா.