மருத்துவர் பின்னால் நடந்தவர்கள்

1830களின் அமெரிக்காவில் ஒரு மருத்துவரிடம் சில காலம் எடுபிடியாக இருந்து, இரண்டு பருவம் விரிவுரையும் கேட்டுவிட்டால் டாக்டர் பட்டம் கைக்கு வந்துவிடும். பிரசவத்தையோ பெரிய அறுவையையோ கண்ணால் பார்க்காமலே டாக்டர் ஆனவர்கள் உண்டு. இது போதாது என்று நினைத்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் பாரிஸுக்குக் கப்பலேறினார்கள். பாஸ்டன்காரரான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1833இல் போனார்.

காலையில் வார்டு. நோத்ர தாம் தேவாலயத்தை ஒட்டிய ஒத்தேல் தியு மருத்துவமனையில் துப்புயித்ரன் என்ற அறுவை மருத்துவர் வலம் வருவார். அவர் பின்னால் பெருங்கூட்டம். ஹோம்ஸுக்குப் பிடித்தது பித்தியே மருத்துவமனையின் பியேர் லூயி. நோயாளிகளைக் கணக்கெடுத்து ஒப்பிட்டு, ரத்தம் வடிக்கும் வைத்தியத்தால் பெரிய பலனில்லை என்று 1835இல் எழுதியவர் அவர். அந்த எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் ஹோம்ஸுக்குக் கிடைத்த உண்மையான படிப்பு. பிரசவக் காய்ச்சலை மருத்துவர்களே ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுபோகிறார்கள் என்று 1843இல் துணிந்து எழுத அதுதான் துணை நின்றது.

அரசு மருத்துவப் பள்ளியின் விரிவுரைகளுக்கு வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்கவில்லை. பிரெஞ்சு தெரிந்தால் போதும். விலை கொடுத்தவர் நோயாளி. வார்டில் கிடந்தவர்கள் ஏழைகள். முன்பின் தெரியாத இளைஞர்கள் தொட்டுப் பார்க்கலாமா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. செத்து, உடலைக் கேட்டு உறவினர் வராவிட்டால் அடுத்த இடம் அறுத்துப் படிக்கும் கூடம். மாணவர்களின் கடிதங்களில் பாரிஸ் சொர்க்கமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்ணுக்கு அந்தச் சொர்க்கம் திறக்கவில்லை. அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண்ணான எலிசபெத் பிளாக்வெல், 1849இல் பாரிஸ் வந்தபோது மருத்துவச்சிப் பயிற்சி மாணவியாகத்தான் பிரசவ மருத்துவமனைக்குள் நுழைய முடிந்தது. அங்கே ஒரு பச்சைக்குழந்தையின் சீழ்பிடித்த கண்ணைக் கழுவும்போது நீர் தெறித்து, அவருடைய ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அறுவை மருத்துவர் ஆகும் கனவும் அதோடு போயிற்று.

இன்று கடல் கடக்கும் அமெரிக்க மாணவர்களில் பலர் இன்னும் மருத்துவக் கல்லூரியிலேயே சேராதவர்கள். கோடை விடுமுறையில் ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ கட்டணம் கட்டிப் போகிறார்கள். சுவரோரம் நின்று பார்ப்பதோடு சரி. நோயாளி வேண்டாமென்றால் வெளியே வந்துவிட வேண்டும். நோயாளியின் பெயர், படம் எதையும் வெளியே பகிரக் கூடாது. ஹோம்ஸ் பிரெஞ்சிலேயே பாடம் கேட்டார். இவர்களில் பலருக்கு மருத்துவரே இடையிடையே ஆங்கிலத்தில் விளக்குகிறார். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் காட்ட மணிக்கணக்கு ஏறுகிறது, நோயாளி சொன்னது புரிந்ததா என்பது வேறு. ஆனாலும் கேட்டுக்கொண்டு உள்ளே போகும் இந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பழைய பாரிஸ் முழுக்க மறையவும் இல்லை. ஏழை நாடுகளுக்குப் போகும் சில மாணவர்கள், தங்கள் ஊரில் தொடக்கூட அனுமதியில்லாத ஊசியை எடுத்துக் காயத்துக்குத் தையல் போடுகிறார்கள். ‘கையால் செய்து கற்கலாம்’ என்று விளம்பரம் செய்து பணம் வாங்கும் ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மாணவர்கள் இப்படிக் கைவைப்பது கூடாது என்கிறது. அப்படிச் செய்ததைப் பெருமையாக எழுதினால், விண்ணப்பமே அடிபடலாம்.