கடைசி மாதமும் பணிக்காலம்தான்

ஜெர்மனியில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தொண்டு செய்ய வெளிநாட்டுக்குக் கிளம்பும் இளைஞர்கள் ஏராளம். அந்நாட்டு அரசு 2008-ல் தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டம் இதற்கான முக்கிய வழிகளில் ஒன்று. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பெரும்பாலோர் ஓராண்டு ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ லத்தீன் அமெரிக்காவிலோ தங்கி, பள்ளிகளிலும் பண்ணைகளிலும் சுற்றுச்சூழல் மையங்களிலும் வேலை செய்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் ஆரோவில்லுக்கும் இந்தத் திட்டத்தின் வழியே வருகிறார்கள்.

புறப்படும் நாள் நெருங்கும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது. உள்ளூர் மொழி அப்போதுதான் தடுமாறாமல் நாவில் வரத் தொடங்கியிருக்கும். வகுப்பில் எந்தப் பிள்ளை எதற்கு முரண்டு பிடிக்கும் என்பது தெரிந்திருக்கும். வேலை கைக்குப் பிடிபட்ட வேளையில் விமான டிக்கெட்டின் தேதி வந்து நிற்கும். போதாக்குறைக்கு, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பல படிப்புகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 15. உடல் இங்கேயும் மனம் அங்கேயுமாகக் கழியும் வாரங்கள் அவை.

இதை உணர்ந்துதான் வெல்ட்வெர்ட்ஸ் ஓராண்டுச் சேவைக்குக் குறைந்தது 25 நாள் பயிலரங்குகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கிளம்பும் முன்பும் இடையிலும் நடப்பவை போக, ஊர் திரும்பிய பிறகு நடப்பதும் அதில் அடக்கம். திரும்பி வருவதற்கும் பயிற்சி வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். வேண்டும் என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வு வரலாறு இருக்கிறது.

நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற தம் நாட்டவரை ஆராய்ந்து 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அயல்நாட்டில் முதலில் உற்சாகம், பிறகு சோர்வு, அதன்பின் தெளிவு என மனநிலை ‘யூ’ எழுத்தின் வடிவில் இறங்கி ஏறுகிறது என்றார். 1963-ல் அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் குலஹார்னும் ஜீன் குலஹார்னும் அதை நீட்டித்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கு அதேபோல் இன்னொரு பள்ளம் காத்திருப்பதைக் கண்டு, அந்த வளைவை ‘டபிள்யூ’ ஆக்கினார்கள். எல்லோருக்கும் இந்த வரைபடம் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் அந்த இரண்டாவது சரிவு உண்மையானது என்பதைத் திரும்பியவர்கள் பலர் சொல்வார்கள். அயல்நாட்டில் தடுமாறுவோம் என்று எதிர்பார்த்துத்தான் போகிறோம். சொந்த வீட்டில் தடுமாறுவோம் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டாரும் எதிர்பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் ‘பீஸ் கார்ப்ஸ்’ இதை இன்னும் முறைப்படுத்தியிருக்கிறது. 1961-ல் அதிபர் கென்னடி தொடங்கிய இந்த அமைப்பு 1976 வரை இந்தியாவிலும் இயங்கியது. பயிற்சியும் சேவையும் சேர்த்து 27 மாதங்கள். முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொண்டர்களைக் கூட்டி, பணி நிறைவுக்கென்றே ஒரு மாநாடு நடத்துகிறார்கள். மருத்துவப் பரிசோதனை, மொழித் தேர்வு, செய்த வேலையைப் பற்றிய அதிகாரபூர்வ அறிக்கை எல்லாம் கடைசிக் கட்டத்தில் வருகின்றன. ஊருக்குப் போய்க் காலூன்றும் வரை கைச்செலவுக்கு உதவ, மாதாமாதம் ஒதுக்கி வைத்த ஒரு தொகையும் உண்டு. அமைப்பின் மூன்று குறிக்கோள்களில் மூன்றாவது, பிற நாட்டு மக்களைப் பற்றி அமெரிக்கர்களுக்குப் புரியவைப்பது. அந்த வேலையின் பெரும்பகுதி தொண்டர் ஊர் திரும்பிய பிறகுதான் நடக்கிறது.

போகிறவர்களைப் பற்றி இவ்வளவு யோசித்த உலகம், அங்கேயே இருப்பவர்களைப் பற்றி யோசிக்கத் தாமதித்துவிட்டது.

கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளின் குழந்தைகள் இல்லங்களில் சில வாரத் தொண்டுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வரிசையாக வந்து போனார்கள். ஒவ்வொருவரும் அன்பாகப் பழகினார்கள்; ஒவ்வொருவரும் போனார்கள். ஒட்டுவதும் அறுபடுவதும் திரும்பத் திரும்ப நடந்தால் குழந்தையின் மனம் யாரையும் நம்ப அஞ்சும் என்று குழந்தைநல வல்லுநர்கள் எச்சரித்தார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதும் தெரியவந்தது. இல்லங்களில் நடக்கும் இத்தகைய தொண்டுத் திட்டங்களால் விளையும் தீங்கைத் தடுக்கும்படி 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமே அரசுகளைக் கேட்டுக்கொண்டது.

ஆகவே கடைசி மாதத்தின் முதல் வேலை பிரிவுவிழா அல்ல, ஒப்படைப்பு. தான் நடத்திய வகுப்பை உள்ளூர் ஆசிரியர் ஒருவர் நடத்த, தொண்டர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாற்றங்காலின் தண்ணீர்க் கணக்கிலிருந்து கணினியின் கடவுச்சொல் வரை எழுதி வைக்க வேண்டும். போகும் தேதியைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காப்பாற்ற முடியாத ‘சீக்கிரம் வருவேன்’ என்ற வாக்குறுதியைத் தவிர்ப்பதும் அன்பின் பகுதிதான்.

படிக்கப் போனவர்களுக்குக் கூடுதலாகக் காகித வேலை. 1987-ல் தொடங்கிய ஐரோப்பாவின் ‘எராஸ்மஸ்’ பரிமாற்றத் திட்டத்தில், தேர்வு முடிவு வந்து வழக்கமாக ஐந்து வாரங்களுக்குள் மதிப்பெண் பட்டியல் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மாணவரின் பொறுப்பு. ஜெர்மனியில் படிக்கும் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு: சாதாரண வாடகை ஒப்பந்தமானால் வீட்டைக் காலிசெய்ய மூன்று மாத முன்னறிவிப்பு, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போவதானால் குடியிருப்புப் பதிவை இரண்டு வாரத்துக்குள் நீக்கும் கடமை. பட்டம் பெற்றபின் அங்கேயே வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கும் என்பதால், திரும்புவதா இருப்பதா என்ற முடிவையும் கடைசிப் பருவத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

வெளிநாட்டில் தொண்டு செய்ய உங்கள் வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தால், தங்குமிடம், சாப்பாடு, விசா பற்றி விசாரிக்கும்போதே அந்த அமைப்பிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “இவள் கிளம்பிய மறுநாள் இந்த வேலையை யார் செய்வார்?” தெளிவான பதில் இல்லாத அமைப்பை விட்டுவிடுங்கள். பிள்ளை திரும்பி வந்த பிறகு, போட்டோக்களைப் பார்த்து முடித்ததோடு பேச்சை நிறுத்திவிடாமல், அங்கே பழகிய மனிதர்களைப் பற்றியும் கேளுங்கள். சொல்லி முடிக்க அவகாசம் கொடுங்கள்.