உயிர் காலேஜ், செத்த காலேஜ்

பட்டணம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு காலத்தில் மாறாத வரிசை ஒன்று இருந்தது. முதலில் உயிர் காலேஜ், அடுத்து செத்த காலேஜ், வெயில் தாழ்ந்ததும் பீச். மிருகக்காட்சி சாலையையும் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் சனங்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

எல்லாம் பக்கம் பக்கமாக இருந்ததுதான் அந்த வரிசையின் அருமை. சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட், அதையடுத்துப் பீப்பிள்ஸ் பார்க்கில் புலியும் கரடியும். 1850களில் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் சேர்க்கத் தொடங்கிய விலங்குகள் 1860களில் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்துக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் பேரம் பேசி, பூங்கா நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தால் மதியம் ஆகிவிடும். சினிமாவில் பார்த்த எல்.ஐ.சி. கட்டடத்தின் 14 மாடிகளையும் கழுத்து வலிக்க நின்று எண்ணலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. கையில் பணமில்லாத குடும்பமும் ஊர் திரும்பி வாரக்கணக்கில் பேசும் அளவுக்குப் பார்த்துவிட முடிந்தது.

1985இல் இந்த வரிசை குலைந்தது. மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி வண்டலூரில் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் இருந்த இடத்திலிருந்து இன்று புறநகர் மின்ரயில்கள் கிளம்புகின்றன. பெயர் மட்டும் அந்த நிலையத்தில் தங்கிவிட்டது.

விலங்குகள் இடம்பெயர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ரயில் இரைச்சலுக்கு நடுவே, நெருக்கடியான கூண்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்த புலிக்கு வண்டலூர்க் காடு விடுதலை. அங்கே பரப்பு சுமார் 600 ஹெக்டேர். என் மனக்குறை வேறு. பார்க்கும் இடங்கள் திசைக்கொன்றாகச் சிதறியபின், ஏழைக் குடும்பத்தின் ஒரு நாள் பெரும்பாலும் பயணத்திலேயே கரைகிறது. பொழுதுபோக்கு என்று புதிதாக முளைத்தவையும் மால், தீம் பார்க் என்று நுழைவுச் சீட்டையோ பணப்பையையோ கேட்கின்றன.

எல்லாம் கெட்டுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 1991இல் பாதுகாப்புக் காரணத்தால் பார்வையாளர்களுக்கு மூடப்பட்ட மெரினா கலங்கரை விளக்கம் 2013இல் மறுபடி திறந்தது. எல்.ஐ.சி.க்கு அடியிலேயே இப்போது மெட்ரோ வந்து நிற்கிறது. மெரினாவில் 2022இல் போட்ட மரப்பாதையைத்தான் இந்த நகரம் செய்த நல்ல காரியங்களில் முதலாவதாகச் சொல்வேன். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அதுவரை சாலையோரத்திலிருந்தே அலையைப் பார்த்தார்கள். மணலில் சக்கரம் புதைந்துவிடுமே! மெரினா எல்லோருக்கும் சொந்தம் என்ற பேச்சு அன்றுதான் கொஞ்சமாவது மெய்யானது.

செத்த காலேஜ் அதே இடத்தில்தான் இருக்கிறது. திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கும் பிள்ளைகளின் வாய் இன்றும் பிளக்கிறது. ஆனால் பலர் அத்தோடு வெளியே வந்துவிடுகிறார்கள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. இவற்றுக்காகவே கடல் தாண்டி வருகிறவர்கள் உண்டு.

தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 முடிவிலிருந்து கிளாம்பாக்கத்தில் நிற்பதைப் பலரும் குறை சொல்கிறார்கள். பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு அதில் ஒரு வழி இருக்கிறது. அங்கிருந்து உயிர் காலேஜ் கூப்பிடு தூரம். காலையிலேயே அதைப் பார்த்துவிட்டு, வண்டலூரில் மின்ரயில் ஏறினால் நேராக எழும்பூர். அருங்காட்சியகத்தை நிதானமாகச் சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் பீச். செவ்வாயையும் வெள்ளியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய் வண்டலூருக்கு விடுமுறை, வெள்ளி அருங்காட்சியகத்துக்கு.