தொட்டியில் தாமரை: பூ வேண்டும், கொசு கூடாது

வாசலில் ஒரு தாமரைத் தொட்டி இருந்தால் வீட்டுக்கே தனி அழகு. ஆனால், மலேசியாவில் பலர் அந்த ஆசையை மனத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். காரணம், டிங்கி பயம். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும். சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்தால் அபராதம் விதிப்பார்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால், குற்றவாளி தாமரை அல்ல. கவனிப்பாரற்றுக் கிடக்கும் நீர்தான்.

அல்லியா, தாமரையா?

இரண்டும் ஒன்றே என நினைப்பவர்கள் உண்டு. இலையைப் பார்த்தாலே வேறுபாடு புரியும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். அது நீரில் படுத்து மிதக்கும். தாமரை இலையில் பிளவு இல்லை. வளர்ந்தபின் நீருக்கு மேல் எழுந்து நிற்கும். அதில் தண்ணீர் ஒட்டாது.

அல்லியிலும் பகலில் பூப்பவை, இரவில் பூப்பவை என இரு வகை உண்டு. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பி, இருட்டியபின் வீடு திரும்புவோர் பகல் அல்லியை வாங்கினால் விடுமுறை நாளில்தான் பூவைப் பார்க்க முடியும். அந்தியில் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும் இரவு அல்லியே அவர்களுக்கு ஏற்றது.

ஆழம் வேண்டாம், வெயில் வேண்டும்

இதற்காகக் குளம் வெட்டத் தேவையில்லை. அடியில் ஓட்டை இல்லாத, அகலமான தொட்டி போதும். குட்டை ரகங்களுக்கு மண்ணுக்கு மேல் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை தண்ணீர் இருந்தால் போதுமானது. களிமண் கலந்த தோட்ட மண்ணே சிறந்தது. பைகளில் விற்கப்படும் பூச்செடி மண் மிதந்து தண்ணீரைக் கலக்கிவிடும். கிழங்கின் முளை ஒடியாமல், அதன் நுனி வெளியே தெரியும்படி நட வேண்டும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். கார் நிறுத்தும் கூரையின் கீழ் வைத்தால் இலைதான் மிஞ்சும். உர மாத்திரையை மண்ணுக்குள் அழுத்திப் புதைக்க வேண்டும். நீரில் போட்டால் பாசிதான் செழிக்கும்.

கொசுவுக்கு இடமில்லை

ஏடிஸ் கொசு பெரும்பாலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரமான உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். வற்றிய தொட்டியில் மீண்டும் தண்ணீர் ஊற்றும்போது நனைந்து பொரித்துவிடும். அவை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே, வாரம் ஒருமுறை உட்சுவரை நன்கு தேய்த்துத் துடைத்த பின்னரே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சில கப்பி மீன்களை விட்டால் அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். தீனியை அள்ளிப் போட்டால் மீன்கள் புழுவைத் தேடா. குழாய் நீரிலுள்ள குளோரின் மீன்களைக் கொல்லும் என்பதால், அதை முறிக்கும் மருந்தை மீன் கடையில் வாங்கிக் கலப்பது நல்லது. இலைகள் நீர்ப்பரப்பை முழுவதும் மூடினால் புழுக்கள் ஒளிந்துகொள்ளும். எனவே, பாதி நீராவது வெளியே தெரியும்படி முதிர்ந்த இலைகளை வெட்டிவிட வேண்டும்.

தாமரைத் தொட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர்கள், பக்கத்தில் கவிழ்க்காமல் விட்ட வாளியையும் பூச்சட்டித் தட்டையும் மறந்துவிடுவதுண்டு. கொசுவுக்கு அதுவே போதும்.

தாமரை கேட்பது வாரத்தில் சில நிமிடக் கவனிப்புதான். அதைத் தர இயலாதவர்கள் தொட்டி வைக்காமல் இருப்பதே அண்டை வீட்டாருக்கும் நல்லது. தர முடிந்தவர்கள் அஞ்சத் தேவையில்லை.