மாத்திரைக்கு முன் ஒரு மரபணுச் சோதனை

மாணவர்களே, பினாங்கு லிட்டில் இந்தியாவில் நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு தே தாரிக் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவருக்கோ சிறிது நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவர் குடலில் குறைவு. அந்த நொதி எவ்வளவு சுரக்கும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது.

மருந்தும் அப்படித்தான். மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளைக் கல்லீரல் நொதிகள் சிதைக்கின்றன. சிலருக்கு அவை மெதுவாக வேலை செய்யும். மருந்து உடலில் தேங்கிப் பக்கவிளைவு தரும். சிலருக்கு மிக வேகம். பலன் தருவதற்குள் மருந்து தீர்ந்துவிடும்.

நம் வட்டாரத்துக்கு மிக முக்கியமான மருந்து ஒன்று உண்டு. அது கார்பமாசெபின். வலிப்பு நோய்க்கும், மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கும் இது பயன்படுகிறது. பெரும்பாலோருக்கு நன்மையே செய்கிறது. மிகச் சிலருக்கு மட்டும் காய்ச்சலுடன் தோலும் வாயும் கண்ணும் கொப்பளித்து உரிந்துவிடும். இதுவே ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. உயிருக்கே ஆபத்தானது.

காரணம் என்ன? 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் ஒரு தடயத்தைக் கண்டுபிடித்தனர். இம்மருந்தால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி*15:02 என்ற மரபணு வகை இருந்தது. மருந்தைச் சிக்கலின்றி உட்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. இந்த வகை உருவாக்கும் புரதத்தோடு மருந்து ஒட்டிக்கொள்ளும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தோலையே எதிரி என்று எண்ணித் தாக்குகின்றன.

பிறகு தைவானில் 4,877 பேரை மருந்து தருவதற்கு முன்பே சோதித்தார்கள். இந்த மரபணு வகை இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு வேறு சிகிச்சை தரப்பட்டது. முந்தைய கணக்குப்படி சுமார் 10 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர்கூடப் பாதிக்கப்படவில்லை! 2013-இல் சிங்கப்பூரும், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்யப் பரிந்துரைத்தது.

இந்த மரபணு வகை மலாய்க்காரர், சீனர், தாய்லாந்து மக்களிடையே அதிகம். இந்தியர்களிடையே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே ஒருவரின் இனத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தச் சோதனை ஒருவருக்கு மனநோய் வருமா என்று சொல்லாது. எந்த மருந்து குணமாக்கும் என்றும் உறுதி கூறாது. இந்த மரபணு வகை உள்ள எல்லாருக்கும் தோல் உரிவதும் இல்லை. எந்த மருந்தில் ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே எச்சரிக்கும்; அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாரேனும் இத்தகைய மருந்து சாப்பிட்டால், இதைப் படித்துவிட்டு நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுவது வெட்கப்பட வேண்டிய காரியமும் அல்ல.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. அப்பாவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இந்த மரபணு வகை இருக்கிறது, அம்மாவிடம் இல்லை. பிள்ளைக்கு அது வர எத்தனை விழுக்காடு வாய்ப்பு? நோட்டில் கட்டம் போட்டுப் பாருங்கள்.